‘ஃபாரின் கார்ட்லெஸ்’ வாங்குவதற்கு முன் அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கடைக்கோ ஆபீசுக்கோ கார்ட்லெஸ் போன் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஃபாரின் ஒரிஜினல், டெக்ட் 6.0’ என்று சொல்லி விற்கும் பெட்டிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். (டெக்ட் என்பது கார்ட்லெஸ் போனின் பேஸும் ஹேண்ட்செட்டும் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை.) அவை அமெரிக்காவில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. அங்கே அது நல்ல போன்தான். இங்கே மின்சாரமும் வேறு, அலைவரிசையும் வேறு. இதெல்லாம் தெரிந்த ஒரு கடைக்காரர் எங்களுக்கு அதை விற்றார். விற்ற பிறகு வந்த ஒவ்வொரு கோளாறுக்கும் தனியாகக் காசும் வாங்கினார்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு உரக்கடை. முன்னால் ஆபீஸ், பின்னால் குடோன், நடுவில் பழைய காலத்துத் தடிமனான செங்கல் சுவர். நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகள் வண்டியை எடுப்பதற்கு முன்னால் “யூரியா லோடு வந்திருச்சா?” என்று கேட்பது எங்கள் லேண்ட்லைன் எண்ணில்தான். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தபோதுகூட அந்த எண்ணை விடாமல் வைத்துக்கொண்டோம். லோடு இறங்கும்போது நானும் தம்பியும் குடோனில் நிற்போம், போன் முன்னால் அடித்து ஓய்ந்துவிடும். அதனால் ஒரு பேஸ் (போன் லைனில் மாட்டி வைக்கும் பெட்டி), கையில் எடுத்துப் பேச இரண்டு ஹேண்ட்செட், அதில் ஒன்று மேசையில், ஒன்று குடோனில் என்று முடிவு செய்தோம்.

புதுச்சேரியில் தொலைபேசிச் சாமான் விற்கும் ஒரு கடையில் 5,500 ரூபாய்க்கு வாங்கினோம். கடைக்காரர் நன்றாகப் பேசினார். “இது 6.0 சார், புது வெர்ஷன். இங்க கம்பெனி ஷோரூம்ல விக்கிறதெல்லாம் பழசு” என்றார். அந்த 6.0 என்பது ஆறாவது பதிப்பு என்று பொருள்படாது. 1,920 முதல் 1,930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்யும் டெக்ட் போன்களுக்கு அமெரிக்கச் சந்தையில் வைத்திருக்கும் பெயர் அது. ஐரோப்பாவில் டெக்ட் போன்கள் ஓடுவது 1,880 முதல் 1,900 வரை. பெட்டியில் இரண்டுக்குமே ‘1.9 ஜிகாஹெர்ட்ஸ்’ என்றுதான் போட்டிருக்கும், அதனால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. விற்கிறவருக்கு மட்டும் தெரியும்.

முதலில் போனது அடாப்டர். தட்டையான இரண்டு முனை உள்ள பிளக், அதற்கு ஒரு கன்வர்ட்டர் பின் கொடுத்திருந்தார்கள். அதில் செருகிச் சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை வந்தது, அடாப்டர் முடிந்தது. அதன் முதுகில் சிறிய எழுத்தில் ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கிறது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கடைக்குப் போன் செய்தால், “உங்க ஏரியாவுல வோல்டேஜ் ஏத்த இறக்கம் சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல” என்று பதில். வேறு அடாப்டரோடு, வோல்டேஜைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியையும் 650 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முதல் நாளே அதைத் தராமல், எரிந்த பிறகு எடுத்து நீட்டினார்கள் என்றால் விஷயம் முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம்? அந்தப் பெட்டி எப்போதும் ரீங்காரம் போட்டுக்கொண்டு சூடாகவே இருந்தது. பிளாஸ்டிக் சாக்கு அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் அதை இரவும் பகலும் ஓடவிட எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் மாட்டிக் கொடுக்க ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள், கூலி 500. ஃபைபர் மோடத்தின் பின்னால் ‘டெல்’ என்று போட்ட துளையில் வயரைச் செருகினார், டயல் டோன் வந்தது. அதற்கு மேல் எதுவும் சரியாக வரவில்லை. யார் அழைக்கிறார்கள் என்ற எண் திரையில் வரவே இல்லை. இந்தியாவுக்கென்று வரும் போன்கள் எண்ணைக் காட்டும் இரண்டு முறைகளையும், அதாவது எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் இரண்டையும், புரிந்துகொள்ளும்படி செய்யப்படுகின்றன. அமெரிக்கச் செட்டுக்கு எஃப்எஸ்கே மட்டும்தான் தெரியும். டெக்னீஷியன் சொன்னதோ, “ஃபைபர் கம்பெனியில காலர் ஐடி ஆன் பண்ணச் சொல்லுங்க சார்.” ஃபைபர்காரர்களை நாங்கள் வீணாக அலைக்கழித்தோம்.

இரண்டாவது ஹேண்ட்செட் விஷயம் இன்னும் மோசம். ஒரு ஹேண்ட்செட்டைப் பேஸோடு சேர்ப்பது கடினமான வேலையே இல்லை. பேஸில் உள்ள பேஜ் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹேண்ட்செட்டின் மெனுவில் ‘ரெஜிஸ்டர்’ கொடுத்தால், தானாகவே தேடிச் சேர்ந்துவிடும். ரகசிய எண் கேட்டால் பெரும்பாலான செட்டுகளில் 0000. அந்த டெக்னீஷியன் அழுத்தினார், தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. “சாஃப்ட்வேர் லாக் ஆயிருக்கு, கடைக்குக் கொண்டுபோய் புரோகிராம் பண்ணணும்” என்று எடுத்துப்போய், 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதே நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகுதான் இரண்டு ஹேண்ட்செட்டின் வயிற்றையும் திறந்து லேபிளைப் படித்தோம். இரண்டாவது ஹேண்ட்செட் வேறு மாடல், ஐரோப்பாவுக்கானது. அமெரிக்க அலைவரிசையில் பேசும் பேஸும் ஐரோப்பிய அலைவரிசையில் கேட்கும் ஹேண்ட்செட்டும் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாது. அதைப் புரோகிராம் செய்து மாற்றவும் வழியில்லை. அந்த 800 ரூபாய் இல்லாத வேலைக்கு வாங்கிய காசு. எங்கிருந்தோ வந்த பழைய செட்டுகளைப் பிரித்து, ஜோடி சேர்த்து, புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது ஆபத்தான விஷயம். முதல் ஹேண்ட்செட் சிறிது நேரத்தில் அணைந்துபோகிறது என்றதும், ‘புது பேட்டரி’ என்று 300 ரூபாய்க்கு இரண்டு போட்டுக் கொடுத்தார்கள். அவை டிவி ரிமோட்டில் போடும் சாதாரண சின்ன செல்கள், மேலே இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் போட்டது. கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டுக்குள் இருக்க வேண்டியது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். அதன் மேல் 1.2 வோல்ட் என்று இருக்கும். 1.5 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது இந்த ஹேண்ட்செட்டில் சார்ஜ் ஏற்றும் செல் இல்லை. அதை ஹேண்ட்செட்டோடு சார்ஜ் தொட்டிலில் வைத்து மின்சாரம் ஏற்றினால் சூடாகிக் கசியும், வெடிக்கவும் கூடும். எங்களுடையது கசிந்து உள்ளே இருந்த ஸ்பிரிங்கை அரித்துவிட்டது. எழுத்தே இல்லாத பேட்டரியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த ஹேண்ட்செட்டைக் கடையில் எல்லோரும், குழந்தைகள் உட்பட, காதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒற்றை ஹேண்ட்செட்டை வைத்து ஓட்டினோம். அப்போதுதான் இன்னொரு தொந்தரவு தலைதூக்கியது. மானிய உரம் விற்க எங்களுக்கு பிஓஎஸ் இயந்திரம் உண்டு. விவசாயி கைரேகை வைத்து, விவரம் சிம் வழியாகப் போய், பதில் வந்த பிறகுதான் மூட்டையைக் கொடுக்க முடியும். அந்த இயந்திரம் அடிக்கடி நெட்வொர்க் இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. சீசன் நேரம், வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், கைரேகை ஏறவில்லை. வயதானவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் மொபைல் டவர் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். அப்பாவுக்குப் பொட்டாஷ் வாங்க வந்தவர், இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு மேசையில் இருந்த பேஸைப் புரட்டினார். “அண்ணே, இதை ஆஃப் பண்ணுங்க” என்றார். அணைத்தோம். பிஓஎஸ் உடனே வேலை செய்தது. மறுபடி போட்டோம், மறுபடி சுற்றியது. அவர்தான் விளக்கினார். 3ஜிக்கு வந்த 2,100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில், போனிலிருந்து டவருக்குப் போகும் அலை 1,920 முதல் 1,980 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கக் கார்ட்லெஸ் உட்கார்ந்திருப்பது சரியாக அதன் முதல் பகுதியில். நாம் பேசாத நேரத்திலும் பேஸ் தன் இருப்பைத் தெரிவிக்க அலை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். டவர் நம் போனின் மெல்லிய குரலைக் கேட்கக் காது கொடுக்கும்போது, பக்கத்திலேயே இது கத்திக்கொண்டிருக்கிறது. கெடுவது நம் கடை மட்டுமல்ல, அந்த டவரை நம்பியிருக்கும் தெருவே. அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவரும் அதில் இருக்கலாம். உரிமம் வேண்டாம் என்று விலக்கு தரப்பட்ட அலைவரிசைக்கு வெளியே ஒலிபரப்பும் கருவியை உரிமமில்லாமல் வைத்திருப்பது சட்டப்படிக் குற்றம் என்றும் சொன்னார். அன்றே பிளக்கைப் பிடுங்கினோம்.

கடைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். செட், டிரான்ஸ்ஃபார்மர், கூலி, புரோகிராம், பேட்டரி என்று மொத்தம் 7,750 ரூபாய். கடைக்காரர் சுவரில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ பலகையைக் காட்டினார். பில் கொடுங்கள் என்று தம்பி கேட்டதும் அவர் குரல் மாறியது. அவர் முன்பு கொடுத்திருந்தது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட துண்டுச் சீட்டு. மாடல் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. புதுச்சேரிக் கடையின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்க வேண்டும், நம் தமிழ்நாட்டுக் கடையுடையது 33. அதைக் கேட்டதற்கு, “இவ்வளவு விவரம் பேசுறவர் ஷோரூமுக்கே போயிருக்கலாமே” என்றார்.

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், அவர்கள் கடைக்குத் தெரிவித்தார்கள், கடை அசையவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். புதுச்சேரியில் வாங்கினாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துகிறவர் அதற்காகவே வாங்கியதாக இருந்தால் சட்டம் விலக்குத் தருகிறது. நானும் தம்பியும் நடத்தும் கடை என்பதைக் காட்டி மனு கொடுத்திருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அடாப்டரில் 230 வோல்ட் அல்லது ‘100–240’ என்று இருக்க வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த எண் என்று காட்டும். கார்ட்லெஸ் போன்களுக்கு 2019 அக்டோபர் முதல் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்றிதழும் கட்டாயம். எஃப்சிசி என்று மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்க முத்திரை, இங்கே செல்லாது. இரண்டு ஹேண்ட்செட் என்றால் இரண்டின் அடியிலும் ஒரே மாடல் வரிசையா என்று பாருங்கள், கடையிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இன்டர்காம் பேசச் சொல்லுங்கள்.

இப்போது கம்பெனி ஷோரூமில் வாங்கிய செட் ஓடுகிறது. ஹேண்ட்செட்டைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எண்ணும் திரையில் வருகிறது. முதல் சார்ஜை மட்டும் கையேட்டில் சொன்ன நேரம் முழுக்க விட்டோம். பேஸை மேசையிலிருந்து எடுத்துக் குடோன் வாசல் பக்கம் உயரத்தில் வைத்தோம், அதற்கப்புறம் கடைசி அடுக்கு மூட்டை வரை பேச்சு தெளிவாகக் கேட்கிறது. திறந்த வெளியில் 300 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், கட்டடத்துக்குள் 50 மீட்டர்தான் கணக்கு, நம் பழைய சுவர்களுக்கு அதிலும் குறையும். கடல் காற்றுக்கும் உரத் தூசிக்கும் சார்ஜ் முனைகள் சீக்கிரம் பூத்துவிடும், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். கரன்ட் போனால் பேஸ் நின்றுவிடும் என்பதால், மோடத்தையும் பேஸையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறோம்.

அந்தக் கடையில் எங்களுக்கு விற்ற அதே மாதிரிப் பெட்டிகள் அலமாரியில் அடுக்கி இருந்ததைப் பார்த்தேன். புதுச்சேரியிலோ கடலூரிலோ யாராவது அப்படி ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தால், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடாப்டரையும் பேட்டரியையும் பாருங்கள். எஸ்டிமேட் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் அழிக்காதீர்கள். வாங்கிய 30 நாள் இன்னும் முடியவில்லை என்றால், திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்றே பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள்.