எஸ்ஏடி ஸ்கோரை அனுப்புவதா, விடுவதா?

மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது வீட்டில் அதிகம் பேசப்பட்டது ஒரே விஷயம்: அட்மிஷனுக்காக எழுதும் எஸ்ஏடி தேர்வில் வாங்கிய 1440 ஸ்கோரை விண்ணப்பத்தில் போடுவதா, விடுவதா. 1600-க்கு 1440 என்பது நல்ல ஸ்கோர்தான். ஆனால் முன்னணிக் கல்லூரிகள் 1500, 1560 என்று போட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் தயக்கம் வரும். நாங்கள் பெரும்பாலான இடங்களுக்கு அனுப்பினோம். இளையவன் விண்ணப்பிக்கும்போதும் அதையேதான் சொல்வேன்.

இந்தக் கேள்வியே எழாத இடங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். எம்ஐடி 2022-இல் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், ஸ்டான்ஃபோர்டு என்று வரிசையாக அதே அறிவிப்பு வந்தது. மறுகோடியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்: பெர்க்லியோ யூசிஎல்ஏவோ, அட்மிஷனுக்கு ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை. குழப்பமெல்லாம் நடுவில் இருக்கும் டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிகளில்தான், அதாவது ஸ்கோர் கொடுப்பதை மாணவரின் விருப்பத்துக்கே விடும் கல்லூரிகளில். போடின் கல்லூரி 1969 முதலே இப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழகம் 2018-இல் இந்தப் பக்கம் வந்தது. கொலம்பியா 2023-இல் இதையே நிரந்தரமாக்கியது.

விடுவதற்கும் நியாயம் உண்டு. ஸ்கோர் இல்லாவிட்டால் மற்றவற்றை இன்னும் உன்னிப்பாகப் படிப்பார்கள்: நான்கு வருட மார்க், எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினம், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை. ஏபி தேர்வுகளில் (பள்ளியில் இருக்கும்போதே எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வுகள்) அதிகபட்சமான 5, 5 என்று வாங்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு எஸ்ஏடியை விடுவதால் பெரிய நஷ்டம் இல்லை. சரி, விடுவதற்குப் பலர் சொல்லும் காரணம் இது இல்லையே. ‘கல்லூரி வெளியிடும் வரம்பில் கீழ் எண்ணுக்குக் குறைவாக இருந்தால் அனுப்பாதே’ என்பதுதான் ஊரெல்லாம் சொல்லும் விதி. எனக்கு உடன்பாடில்லாதது அந்த விதியோடுதான்.

அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் அறிக்கை வெளியிடுகின்றன. அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் 25-வது, 75-வது பர்சன்டைல் ஸ்கோர்கள் இருக்கும்: கால்வாசிப் பேர் எந்த ஸ்கோருக்குக் கீழே, முக்கால்வாசிப் பேர் எதற்குக் கீழே என்று. இவைதான் வரம்பின் கீழ் எல்லையும் மேல் எல்லையும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கும்: எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள் என்பது. பலரும் தாண்டிப்போகும் எண் அது. எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். சேர்ந்தவர்கள் 100 பேர், ஸ்கோர் கொடுத்தவர்கள் 50 பேர். கீழ் எல்லை 1480 என்று போட்டிருக்கிறது. அதாவது கொடுத்த 50 பேரில் 12 பேர் 1480-க்குக் கீழே. கொடுக்காத 50 பேர் ஏன் கொடுக்கவில்லை? பெரும்பாலும் குறைவாக இருந்ததால்தான். அவர்கள் எல்லோரும் 1480-க்குக் கீழே என்று வைத்துக்கொண்டால், 100-இல் 62 பேர் அந்தக் ‘கீழ் எல்லை’க்குக் கீழே இருந்தும் சேர்ந்திருக்கிறார்கள். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது, ஆனால் சாயும் திசை இதுதான். வருடா வருடம் குறைந்த ஸ்கோர் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ள, வெளியிடும் வரம்பு மேலே ஏறுகிறது. அதைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் பேர் ஒதுங்குகிறார்கள்.

இதில் அடிபடுவது யார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 2024-இல் டார்ட்மவுத் பேராசிரியர்களின் ஆய்வு ஒன்று வெளியானது. அனுப்பியிருந்தால் உதவியிருக்கக்கூடிய ஸ்கோரை வசதி குறைந்த பிள்ளைகள் பலர் அனுப்பாமலே விட்டிருந்தார்கள், 1400-களில் வாங்கியவர்கள்கூட. அட்மிஷன் அலுவலகம் ஸ்கோரைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. கவுன்சலர் அனுப்பும் பள்ளி விவரத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. சராசரி 1000 இருக்கும் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை 1400 வாங்கினால் அதன் எடையே வேறு. அதிகம் பேர் கேள்விப்படாத பள்ளியில் வாங்கிய ஏ கிரேடுகளுக்கு அந்த ஸ்கோர்தான் சாட்சி.

மொத்த ஸ்கோரோடு பிரிவு ஸ்கோரையும் பாருங்கள். 1440 என்பது 770 கணிதமும் 670 ஆங்கிலமுமாக இருந்தால் இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் அது பலம். அதே 1440-இல் கணிதம் 670 என்றால் நான் யோசிப்பேன். எஸ்ஏடிக்குப் பதிலாக எழுதக்கூடிய இன்னொரு தேர்வான ஏசிடியை எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை. சி9-இல் அதற்கும் இதே மாதிரி எண்கள் இருக்கின்றன என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இசை, ஓவியம் என்று போர்ட்ஃபோலியோ கேட்கும் படிப்புகளும் அப்படித்தான்.

அப்புறம், எல்லா இடத்துக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் ஒரு கல்லூரிக்கு ஸ்கோர் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்குக் கொடுக்காமல் விடலாம். மகளின் பட்டியலில் ஒரு கல்லூரியில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஸ்கோர் கொடுத்திருந்தார்கள். கீழ் எல்லை அவள் ஸ்கோரை விட நன்றாகவே அதிகம். அத்தனை பேர் கொடுத்திருக்கும்போது அந்த வரம்பை நம்பலாம். அங்கே மட்டும் ஸ்கோர் இல்லாமல் விண்ணப்பித்தாள்.