ஓல்ட்ஸ் 455 இன்ஜினும் பெர்க்லி பம்பும்: பழைய ஜெட் படகு அனுபவம்

கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ டெல்டாவில் பல வருடமாக எழுபதுகளின் ஜெட் படகு ஒன்றை ஓட்டி வருகிறேன். புரொப்பெல்லருக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சி ஓடும் படகு இது. பின்னால் அந்த வேலையைச் செய்யும் பெர்க்லி 12ஜேசி பம்ப், அதற்கு முன்னால் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின். இந்த வயதுப் படகு வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, உள்ளே எந்த இன்ஜின் இருக்கிறது என்று தானே பார்ப்பதுதான். இத்தனை வருடத்தில் இன்ஜின் மாறியிருக்கும், பெயிண்ட் மாறியிருக்கும். ஸ்டிக்கரை நம்பி ஸ்பேர் வாங்கக் கூடாது.

என் படகை விற்றவர் ஷெவர்லே 454 இன்ஜின் என்றார் (இந்த எண்கள் இன்ஜினின் கன அங்குல அளவு). வால்வ் கவரில் பத்து போல்ட்டுகளைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. பெரிய பிளாக் ஷெவியில் ஏழுதான். ஆயில் ஊற்றும் குழாய் இன்ஜினின் முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் கிரீஸைத் துடைத்தால், வார்ப்பிலேயே பெரிதாக ‘எஃப்’ என்ற எழுத்து. ஓல்ட்ஸ்மொபைல் 455. இந்த வகைப் படகுகளில் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று ஃபோர்டு 460. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) முன்னால் இருக்கும். மற்ற இரண்டிலும் பின்னால்.

இது வெறும் பெயர் விஷயம் இல்லை. 454, 455 இரண்டுக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, ஒன்றே: 1-8-4-3-6-5-7-2. ஆனால் ஷெவியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் கடிகாரத் திசையில் சுழலும், ஓல்ட்ஸில் எதிர்த்திசையில். இன்ஜின் எதுவென்று தெரியாமல் பிளக் ஒயர்களைக் கழற்றி மாட்டினால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும், ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது, கோளாறு இன்ஜினிலா பம்பிலா என்ற கேள்வி. இதற்கு, இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரை விட நல்ல கருவி இல்லை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் வாங்கிக்கொள்ளும் சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் முழு திராட்டிலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓரிடத்தில் போய் நின்றுவிடும். படகில் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் பெரிதாக மாறாது. என் படகில் அது 4,400-ஐ ஒட்டி. அந்த எண்ணை எட்டவில்லை என்றால் இன்ஜின் பலம் குறைந்திருக்கிறது: பிளக், டைமிங், பெட்ரோல் ஃபில்டர், கம்ப்ரெஷன் என்று பார்க்க வேண்டும். எண்ணைத் தாண்டுகிறது, வேகம் மட்டும் இல்லை என்றால் பம்ப்.

ஒரு கோடையில் எனக்கு 4,700 காட்டியது, படகு இழுக்கவில்லை. டெல்டாவில் முதல் சந்தேகம் ஆகாயத்தாமரைதான். இன்ஜினை அணைத்து, பேட்டரி இணைப்பையும் துண்டித்து, தண்ணீர் உள்ளே போகும் இன்டேக்கின் மேல் மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஷாஃப்ட் பேக்கிங் (சுழலும் தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பு) தளர்ந்தாலும் பம்ப் காற்றை இழுக்கும்; அதுவும் சரியாகவே இருந்தது. கடைசியில் டிரெய்லரில் ஏற்றி, கீழிருந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டபோதுதான் புரிந்தது. ஆழமில்லாத இடங்களில் உறிஞ்சிய மணல், இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வியர் ரிங்கைத் தின்றிருந்தது. புது ரிங் போட்டதும் பழைய எண், பழைய வேகம்.

அதே மணல் இன்ஜினுக்குள்ளும் போகும். குளிர்விக்கும் தண்ணீர் பம்பிலிருந்தே வருவதால், அது பிளாக்கின் அடியில் படிந்து மெதுவாகச் சூட்டை ஏற்றும். டிரெய்ன் பிளக்கைக் கழற்றும்போது தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நினைக்க வேண்டாம். கம்பி விட்டுக் குத்துங்கள், சேறு இறங்கும். குளிர்காலத்துக்கு முன் இதைச் செய்யாவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும்.

கரையில் ஹோஸ் மாட்டி ஓட்டும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீரை மூடிய பிறகே இன்ஜினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

பெட்ரோல் நிறையக் குடிக்கும், சத்தம் அதிகம். ஆனாலும் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இதைவிடத் திருப்தியான படகு எனக்குத் தெரியாது. பெரும்பாலான வேலையை வீட்டு வாசலிலேயே முடிக்கலாம். ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் படகுக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். கார் பாகமும் பொருந்தும், விலையும் குறைவுதான். ஆனால் அதன் தீப்பொறி வெளியே வரும், மூடிய இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தங்கும்.