டாஸ்மோட்டா, மொஸ்கிட்டோ, நோட்-ரெட்: மாமாட கோழிக்கூட்டில ஏழு மாதம் ஓடினதுக்குப் பிறகு

கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கட மாமா இறைச்சிக்கோழி வளர்க்கிறார். குஞ்சு இறக்கின முதல் கிழமை கூட்டுக்குள்ள 32லிருந்து 35 டிகிரி சூடு நிக்கணும், மறுகா கிழமைக்கு 3 டிகிரி மாதிரிக் குறைச்சிட்டு வரணும். இதுக்கு ஈஎஸ்பி8266 எண்ட வைஃபை உள்ள சின்னப் போர்டுக்கு முதல்ல நானே ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தன். சென்சர் வாசிக்கிறது, வைஃபை பிடிக்கிறது, சூட்டு பல்பப் போட்டு நிப்பாட்டுற ரிலே, போனுக்கு மெசேஜ், எல்லாம் ஒரே ஃபைல்ல. ஒருநாள் ராவு ரவுட்டர் பழுதாப் போக, புரோகிராம் வைஃபையத் தேடிக்கொண்டே நிண்டிட்டு, பல்ப் பத்தவே இல்ல, விடியக் கூட்டத் திறந்தா பதினொரு குஞ்சு மூலையில ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிச் செத்துக் கிடக்கு. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லல்ல, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அதுக்குப் பிறகுதான் டாஸ்மோட்டாவுக்கு மாறின, அது இந்த மாதிரிப் போர்டுக்குள்ள ஓடுற ரெடிமேட் மென்பொருள். குரோம் பிரவுசர்ல இருந்தே யூஎஸ்பி வழியா போர்டுல ஏத்தலாம், காசில்ல. அதுட சோர்ஸ் கோட திறந்து பாருங்க, சென்சர் எல்லாம் ஒரு ஃபோல்டர், டிரைவர் ஒரு ஃபோல்டர், லைட்டுக்கும் எனர்ஜி மீட்டருக்கும் வேற வேற. எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு நான் பிழை விட்ட இடம் அதுல தான் விளங்கிச்சு. வெப்பம் 32க்குக் கீழ போனா பல்பப் போடு, 34க்கு மேல போனா நிப்பாட்டு எண்டு ரூல் எழுதி போர்டுக்குள்ளயே வச்சிடலாம், அதுக்கு வைஃபையும் வேணா, செய்தியக் கைமாத்தி விடுற புரோக்கரும் வேணா. குஞ்சுட உயிர் தங்கியிருக்கிற வேலை அடி அடுக்குலயே, அதாவது போர்டுக்குள்ளயே, முடிஞ்சிடணும், மேல உள்ளது எல்லாம் நாம பாக்கிறதுக்கு மட்டும் தான்.

நடுவுல மொஸ்கிட்டோ, அதுதான் அந்தப் புரோக்கர் மென்பொருள். அது பேசுற எம்கியூடிடி, 1999ல எண்ணெய்க் குழாய்கள சட்டலைட் வழியா கண்காணிக்க எண்டு உண்டாக்கின, செய்தி அனுப்புற முறை, அதால லைன் விட்டு விட்டு வாற எங்கட படுவான்கரைப் பக்கத்துக்கு நல்லாப் பொருந்துது. போர்டு தொடர்பு அறுந்தா 'ஆஃப்லைன்' எண்டு புரோக்கரே அறிவிக்கும். ஒண்டு கவனிங்க, 2.0 பதிப்புல இருந்து எந்த வாசல்ல கேக்கணும் எண்டு சொல்ற லிசனர் வரிய கொன்ஃபிக் ஃபைல்ல எழுதாட்டி வெளிய இருந்து ஒரு போர்டும் கனெக்ட் ஆகாது, பாஸ்வேர்டும் சேர்த்தே போடுங்க.

மேல நோட்-ரெட், வாற தகவல கிராஃபுக்கும் அலாரத்துக்கும் அனுப்புற மென்பொருள். அது லேசு, கட்டங்கள இழுத்து வச்சு வயர் மாதிரித் தொடுக்கிறது தான், அப்பிடித் தொடுத்ததுக்குப் பேர் ஃபுளோ. ஆனா எடிட்டருக்குப் பாஸ்வேர்ட் தானா வராது, நாமதான் வைக்கணும்.

குறை எண்டா ஒண்டிருக்கு. அடுக்கு முழுசாப் பிரியல்ல. டாஸ்மோட்டா அனுப்புற தகவல்ல சென்சர்ட பேரும் சேர்ந்தே வரும். டிஎஸ்18பி20 எண்ட வெப்ப சென்சர் ஒண்டு இருக்கக்குள்ள வெறும் பேர், ரெண்டாவதப் போட்ட உடனே முதலாவதுக்கும் பின்னால '-1' எண்டு ஒட்டிக்கொள்ளும், ரூல்லயும் பேர மாத்தணும், மேல ஓடுற ஃபுளோவுலயும் மாத்தணும். நான் நோட்-ரெட் வாசல்ல ஒரே ஒரு ஃபங்ஷன் நோட் (நாமளே கோட் எழுதுற கட்டம்) வச்சு, என்ன பேர்ல வந்தாலும் 'பண்ணை/கூடு1/வெப்பம்' எண்டு மாத்தி அனுப்புறன், கிராஃப், அலாரம் எல்லாம் அதத்தான் வாசிக்குது. மறுகா சென்சர் மாத்தினாலும் அந்த ஒரு இடத்தையும் ரூலையும் தொட்டாப் போதும்.

டிஎச்டி11 எண்ட சென்சர வாங்காதீங்க, 2 டிகிரி கூடக்குறையக் காட்டும், குஞ்சுக்கு அது காணாது. டிஎஸ்18பி20க்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்டு கட்டாயம், கூட்டுல கிளம்புற அமோனியா செப்பு வயர அரிக்கும், அதால ஜொயின்ட சூட்டுல சுருங்குற குழாய் போட்டு மூடி சிலிக்கனும் பூசி விடுங்க.