18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஷாஃப்டைக் கெடுத்துக் கொடுத்தார்கள்: ஜீப் வைத்திருப்பவர்கள் கவனம்!

கோபத்தில்தான் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருக்கும். பழைய ஜீப்புக்கு வேறு வண்டியின் ஹவுசிங் (பின் ஆக்சில் கூடு) மாட்டி, அதற்கு ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய்) அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

என்னுடையது 98 மாடல் கமாண்டர், டூ வீல் டிரைவ். தாண்டிக்குடி மலையில் காபி மூட்டை ஏற்றி இறக்கும் வண்டி. பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்ற வைக்கிற ஜோடிப் பல்சக்கரம், அதாவது கிரவுன் பினியன், பல் போய்விட்டது. உடைக்கிற கடையில் ஒரு பொலிரோ ஹவுசிங் கிடைத்தது, வாங்கி மாட்டினோம். ஹவுசிங் உட்கார்ந்துவிட்டது, ஷாஃப்ட்தான் சேரவில்லை. பினியன் ஃபிளேஞ்சில் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கிற தட்டு) துளை வேறு, கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்க விடுகிற சிலுவை மாதிரி இணைப்பு) அளவு வேறு, நீளமும் ஒத்துவரவில்லை. ஷாஃப்டை வெட்டி, பின்பக்க யோக்கை (கிராஸைப் பிடிக்கிற இரண்டு காது வைத்த கவை) மாற்றி வெல்டிங் வைத்து, பேலன்ஸ் (சுற்றும்போது ஆடாமல் இருக்க எடைத்துண்டு வைத்துச் சரிசெய்வது) பார்த்தாக வேண்டும்.

பைபாஸ் ரோட்டில் லாரி ஷாஃப்ட் வேலை பார்க்கிற ஒரு பட்டறை. பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஓனர் என் பழைய கிராஸை வாங்கி, வேஸ்ட் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "பாருங்கண்ணே, ஊசி பேரிங் பதிஞ்ச தடம் கோடு கோடா தெரியுதா? இத வச்சுக்கிட்டா மலை ஏறுனீங்க?" உண்மையிலேயே தடம் இருந்தது. அந்த இடத்தில்தான் நம்பினேன். இவ்வளவு பார்க்கிற ஆள் வேலையையும் ஒழுங்காகச் செய்வார் என்று யாருக்குத்தான் தோன்றாது? "லாரிக்கே நாங்கதான் அடிக்கிறோம், ஜீப்பெல்லாம் எங்களுக்கு விளையாட்டு" என்றார். மொத்தம் 18,500 ரூபாய். அதில் பேலன்சிங்குக்கு மட்டும் 2,500. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று கடைப் பெயரே இல்லாத ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிக் கொடுத்தார்.

சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, பின்சக்கரம் இரண்டும் தொங்க, அப்படியே டேப் வைத்து அளந்தார்கள். சக்கரம் தொங்கும்போது ஆக்சிலும் கீழே இறங்கி நிற்கும், கியர்பாக்ஸுக்கும் பினியனுக்கும் நடுவே தூரம் கூடிவிடும். வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்கும்போது எடுக்க வேண்டிய அளவு அது. "அதெல்லாம் ஸ்லிப் ஜாயின்ட் பாத்துக்கும்" என்று பட்டறைப் பையன் சொன்னான். நீளம் கூடிக் குறைய ஷாஃப்ட் உள்ளே வெளியே நழுவுகிற இடம்தான் அது.

பார்க்கவில்லை. மூட்டை ஏற்றியதும் ஸ்பிரிங் அமுங்கி, அந்த ஜாயின்ட்டின் ஸ்ப்ளைன் (நழுவுகிற வரிப் பல்) போகிற மட்டும் உள்ளே போய் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடி நேராகக் கியர்பாக்ஸ் பின் பேரிங்குக்குத்தான். ஆயில் சீல் கிழிந்து ஒழுக ஆரம்பித்தது. இது போதாதென்று நாற்பதைத் தாண்டினால் தரைத் தகடு அதிர்கிறது. ஊர் மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் யோக் காதுகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். பின்பக்கத்தைக் கோணலாக வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் இரண்டு தடவை கூடிக் குறையும், எந்த பேலன்சிங் போட்டாலும் ஆட்டம் நிற்காது. பேலன்சிங் போட்டதற்கும் குழாயில் ஒரு எடைத்துண்டுகூட இல்லை. 2,500 ரூபாய்!

போன் செய்தால் முதலில் "டயரைப் பாருங்க". அப்புறம் "ஸ்பிரிங் புஷ் போயிருக்கும்". அதற்கும் அப்புறம் "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்". நேரில் போய் நின்றபோது மாஸ்டர் உள்ளேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். போட்டோ காட்டினேன். அப்போது ஓனர் பேசிய பேச்சுதான் இன்னும் ஆறவில்லை: "கம்ப்ளெயின்ட் குடுங்க சார். செக்‌ஷன் 52 தெரியுமா? வண்டிய ஆல்டர் பண்ணது நீங்க." மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றி அமைப்பது பற்றிய பிரிவு அது. அண்ணே போய் சார் ஆகிவிட்டேன். 18,500 ரூபாயை வாங்கிப் போடும்போது அந்தச் சட்டம் எங்கே போயிருந்ததாம்? இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும் அந்தத் துண்டுத் தாளும்தான். 18,500 திரும்பி வருமா தெரியாது. கியர்பாக்ஸ் செலவு தனி.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வண்டியைத் தரையில் நிறுத்தி அளக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் இரண்டு பக்கக் காதும் நேராக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பேலன்சிங் மெஷினைக் கண்ணால் பார்க்காமல் அதற்குக் காசு தராதீர்கள். ஃபோர் வீல் வண்டியாக இருந்தால் முன் பின் இரண்டிலும் கிரவுன் பினியன் பல் கணக்கு ஒன்றாக வர வேண்டும், அது தனிக் கதை. பில் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

மெக்கானிக் கூப்பிடுகிறார், கியர்பாக்ஸை இறக்கிவிட்டாராம். மீதியைக் கமென்டில் கேளுங்கள்.