936 வகை சால்டரிங் ஸ்டேஷன்: காரைக்குடி வீட்டில் சில வருஷம் ஓட்டிய பிறகு

ஈயத்தை உருக்கி எலக்ட்ரானிக் பாகங்களை ஒட்டும், சூட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிற இந்த ஸ்டேஷனை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் வெப்பநிலையைக் காட்டும் டிஸ்ப்ளேவைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த எண் பாதி அலங்காரம்தான். பிட் (அயர்னின் சூடான முனை) போர்டில் பாகத்தை ஒட்டும் ஒரு பெரிய செம்புத் தளத்தில் (பேட்) பட்டதும் சூடு எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்பி ஏறுகிறது, அதுதான் விஷயம்.

இது எங்கே தெரியும் என்றால் எல்இடி பல்பு பழுது பார்க்கும்போது. உள்ளே இருக்கும் போர்டு அலுமினியத் தகட்டின் மேல் செய்தது, சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும். பழைய 25 வாட் சால்டரிங் அயர்னை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் ஈயம் களிமாதிரி நிற்கும், உருகாது. இதில் ஊசி முனைப் பிட்டைக் கழற்றிவிட்டு, உளி மாதிரி அகலமான பிட்டைப் போட்டு 350 டிகிரி வைத்தால் வேலை முடிந்துவிடுகிறது. கூடவே வரும் ஊசி முனைப் பிட்டை நான் தொடுவதே இல்லை. பார்க்க நுணுக்கமான வேலைக்கு என்று தோன்றும், ஆனால் போர்டில் படும் பரப்பு குறைவு என்பதால் சூடு இறங்காது, போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டும் பொடிப் பாகங்களின் (எஸ்எம்டி) வேலைக்குக்கூட சின்ன உளி முனைதான் வசதி.

ஒட்டப் பயன்படும் ஈயக் கம்பி பற்றி ஒரு வார்த்தை. கடையில் 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) சுலபமாகக் கிடைக்கும், கிடைத்தால் 63/37 வாங்குங்கள். அது 183 டிகிரியில் சட்டென்று உருகி சட்டென்று இறுகும், நடுவில் கூழ் நிலை கிடையாது, அதனால் கை கொஞ்சம் ஆடினாலும் பத்து (ஈயம் வைத்து ஒட்டிய இணைப்பு) பழுதாவது குறைவு. காரீயம் கலக்காத கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருக ஆரம்பிக்கும், வீட்டு வேலைக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. ஈயக் கம்பியைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. எங்கள் அப்பத்தாவிடம் காரணம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை, "கையைக் கழுவிட்டு வாடா" என்பது அவர் யாரிடமும் சொல்வதுதான்.

அடுத்து எர்த். செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒயர் மரப்பட்டியில் ஓடியது, சுவரில் இருந்தது எல்லாம் இரண்டு ஓட்டை பிளக் பாயின்ட், எர்த் என்ற பேச்சே இல்லை. இந்த ஸ்டேஷனில் பிட் மூன்றாவது பின் வழியாகத்தான் எர்த் ஆகிறது. அது இல்லாவிட்டால் இன்சுலேஷன் கெடும் அன்று பிட்டிலேயே கரண்ட் இருக்கும், மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் மாதிரி பாகங்கள் ஸ்டாட்டிக்கில் போனாலும் ஏன் போனது என்றே தெரியாது. அதனால் மேஜை போட்ட இடத்துக்கு மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தோடு தனி லைன் இழுத்தேன். வாங்கியதும் பிளக்கைச் செருகுவதற்கு முன்பே மல்டிமீட்டரை எடுத்து, பிட்டுக்கும் பிளக்கின் பெரிய பின்னுக்கும் நடுவில் அளந்து பாருங்கள், ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேய்மானம் என்று பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டியும் அப்படியே இருக்கின்றன. போனது ஹீட்டர்தான். அது செராமிக், அயர்ன் மேஜையிலிருந்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்ததும் உள்ளே விரிசல் விட்டுவிட்டது. மாற்று வாங்கும்போது கவனம்: அசல் 936 ஹீட்டர் ஆறிய நிலையில் 2.5 முதல் 3.5 ஓம், அதற்குள் சூட்டை அளக்கும் சென்சார் 43 முதல் 58 ஓம். வெளியிலிருந்து பார்த்தால் அதே மாதிரி இருக்கும், உள்ளே சென்சார் வேறு வகையாக இருக்கும் ஹீட்டர்களும் விற்கிறார்கள், போட்டால் சூடு கண்டபடி போகும். பழையதை அளந்து குறித்துக்கொண்டு கேட்பது நல்லது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும்.

பிட்டுகளை அரம் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு அது கைப்பழக்கம், அவர்கள் காலத்துப் பிட் முழுச் செம்பு, தேய்த்தால் புது முனை வரும். இதில் செம்பின் மேல் இரும்பு முலாம், அது போனால் செம்பை ஈயம் தின்றுவிடும், முனையில் குழி விழும். ஈரப் பஞ்சைவிட பித்தளை நார் நல்லது. எங்கள் போர் தண்ணீரில் நனைத்த பஞ்சு காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துவிடுகிறது.

ஆத்தங்குடிக் கல் பற்றி இன்னொன்று. அந்தப் பூ வேலைப்பாட்டில் 0603 என்ற அளவில் வரும் பொடிக் கெப்பாசிட்டர் ஒன்று விழுந்தால் கண்ணால் தேடிப் பிரயோஜனம் இல்லை. காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தரையில் ஓட்டுங்கள். இந்தச் சின்னப் பாகங்களின் முனையில் பெரும்பாலும் நிக்கல் பூச்சு உண்டு, ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இது செய்யாத வேலை ஒன்று உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கி வரும் வால்வு ரேடியோக்களில் எர்த் ஒயரை நேராக இரும்பு சேசிஸிலேயே (உள்ளே இருக்கும் அடித்தகடு) ஈயப் பத்து வைத்திருப்பார்கள். அதில் இந்த ஸ்டேஷன் 450 டிகிரியிலும் திணறுகிறது, கனமான செம்புப் பிட் உள்ள 100 வாட் அயர்ன்தான் சரி. அப்புறம், அந்த செட்டுகளில் 250 வோல்ட் வரை ஏற்றிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சுவிட்சை அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கரண்ட் போனால் ஸ்டேஷன் சும்மா பெட்டிதான். யூஎஸ்பி டைப் சி சால்டரிங் அயர்ன் வாங்கி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடும், ஆனால் அதே ஹீட்டருக்கு 24 வோல்ட்டில் கிடைப்பதில் கால்வாசி பவர்தான் 12 வோல்ட்டில் கிடைக்கும். மெல்லிய ஒயர் ஒட்ட அது போதும், எல்இடி போர்டுக்குப் போதாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள், மேஜையில் உட்கார்ந்து செய்யும் வேலைதான் அதிகம் என்றால் ஸ்டேஷனையே வாங்குங்கள், வாங்கும்போதே கூட ஒரு ஹீட்டரும் சேர்த்து.