தமிழில் தட்டவா, எழுதவா, பேசவா? போன் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் எந்தக் கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் பேச்சு கேமராவைப் பற்றித்தான். அப்புறம் பேட்டரி, அதற்கப்புறம் தவணை. "இதில் தமிழ் எப்படி அடிக்கிறது?" என்று கேட்டால் விற்கிற பிள்ளை முழிக்கும். அதன்மேல் தப்பில்லை, கேட்கிற ஆள் குறைவு. ஆனால் நாம் போனைக் காதில் வைப்பதைவிட விரலால் தட்டுவதுதான் இப்போது அதிகம். கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, ஜோகூர் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகளோடு குடும்பக் குழு என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) நாள் முழுக்க எழுத்துதான். அதனால் எழுதும் முறையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற போனைத் தேடலாம் என்பது என் கட்சி.

இளையவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்குகிறார்கள். அஞ்சல் முறை என்று இங்கே பலருக்கும் பழக்கமானது இந்த வகைதான். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் கணினியில் ஊன்றிய பழக்கம் அது. கைப்பேசியில் தமிழ் எழுத அவர் செய்த செல்லினம் என்ற செயலி 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானபோது தொடுதிரை போன்கள் இன்றுபோல் பரவவில்லை, பொத்தான் போனில்தான் அது ஓடியது. இன்றைய செல்லினத்தில் அஞ்சலும் உண்டு, தமிழ்99 விசைமுகமும் உண்டு.

இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டால் வேகத்தில் தமிழ்99தான் என்று தயங்காமல் சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் வரிசை வலப்பக்கம். இதன் சூட்சுமம் புள்ளியில் இருக்கிறது. க-வை இருமுறை தட்டினால் முதல் க தானாகவே க் ஆகிவிடும். ங-வை அடுத்து க வந்தாலும், ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. 'வணக்கம்' என்று எழுத ஆறு தட்டல் போதும்: வ, ண, க, க, ம, கடைசியில் புள்ளி. அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் எட்டு, பெரிய எழுத்துக்கான ஷிப்டையும் சேர்த்தால் ஒன்பது. 'தங்கச்சி' போன்ற சொற்களில் வித்தியாசம் இன்னும் கூடும். ண, ன, ந எதற்கு எந்த ஆங்கில எழுத்து என்று மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே தட்டும் வேலையும் மிச்சம்.

ஆனால் மலேசியத் தமிழர் புலனத்தில் எழுதுவது தனித்தமிழா? ஒரே செய்தியில் தமிழ் இருக்கும், கிளினிக்கில் கொடுத்த தாளில் உள்ள மலாய்ச் சொல் இருக்கும், பையன் படிக்கும் கல்லூரியின் ஆங்கிலப் பெயரும் இருக்கும். அஞ்சல் முறையில் மொழி மாறினாலும் விரல் போகும் இடம் மாறாது. தமிழ்99இல் ஒவ்வொரு முறையும் பலகையே மாறும், கண்ணும் விரலும் திரும்ப இடம் தேட வேண்டும். கலந்து எழுதுகிறவர்களுக்கு அஞ்சலே லாபம். தமிழை மட்டும் நீளமாக எழுதுகிறவர்கள், கோயில் அறிக்கை தயாரிக்கிற செயலாளர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் போன்றவர்கள், ஒரு வாரம் பொறுத்துத் தமிழ்99 பழகிக்கொள்ளட்டும்.

போன் தேர்வு இங்கேதான் மாறுகிறது. தமிழ்99 அமைப்பின்படி மேல்வரிசையில் மட்டும் 12 எழுத்துகள், ஆங்கிலப் பலகையில் 10தான். குறுகிய திரையில் அந்த இரண்டு கூடுதல் எழுத்து பெரிய தொல்லை. பழைய சின்ன ஐபோனில் ள-வைத் தொட்டால் ற விழும். ஆறரை அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஆண்டிராய்டு போன்கள் ஆயிரம் வெள்ளிக்குள்ளேயே (ரிங்கிட்) கிடைக்கின்றன. தமிழ்99காரர்களுக்கு அதுதான் சரி. அஞ்சல்காரர்கள் சின்னத் திரையிலும் சமாளிப்பார்கள்.

ஐபோனா ஆண்டிராய்டா என்ற சண்டையில் தமிழ் எழுத்து பெரிய காரணம் அல்ல. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 தொட்டு ஐபோனில் அஞ்சலும் தமிழ்99ம் கூடவே வருகின்றன. அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும், எதையும் இறக்க வேண்டியதில்லை. இது ஐபோனுக்குள்ள உண்மையான நன்மை. ஆண்டிராய்டில் செல்லினத்தை நிறுவிக்கொள்ளவோ, கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொள்ளவோ வேண்டும், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்காகப் பல ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

கடைக்காரர்கள் யாரும் பேசாத ஒன்று, விரல். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் காய்த்துப்போன விரல் நுனியைத் தொடுதிரை சரியாக உணராது. விரலில் உள்ள ஈரமும் அதன் மின்கடத்தும் தன்மையும்தான் திரைக்குத் தகவல் சொல்கின்றன. தோல் தடித்து உலர்ந்துவிட்டால் அந்தத் தகவல் போய்ச் சேராது. "இந்தப் போனுக்கு என்னைப் பிடிக்கலை" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதன் காரணம் பல நேரம் இதுதான். சாம்சுங் போன்கள் சிலவற்றில் தொடு உணர்திறனைக் கூட்டும் அமைப்பு உண்டு, அதை முடுக்கிவிட்டால் நிலைமை கொஞ்சம் தேறும். திரைமேல் தடிமனான கண்ணாடி ஒட்டுவதைத் தவிர்ப்பதும் உதவும். ஆனால் இப்படிப்பட்ட கைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டங்களே வேண்டாம் என்பேன். மிச்சம் இருப்பவை இரண்டு: திரையில் கையால் எழுதுவது, அல்லது பேசுவது.

கையெழுத்து முறையை நம் ஆட்கள் ஏனோ கண்டுகொள்வதே இல்லை. ஆண்டிராய்டில் ஜிபோர்டின் மொழி அமைப்புக்குள் போய்த் தமிழுக்குக் கையெழுத்தைத் தேர்ந்தால், கீழே வெற்றுப் பலகை வரும். விரலால் எழுத எழுத அச்செழுத்தாக மாறும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பாட்டிக்குக்கூட இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. வேகம் குறைவு, அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். பேனாவோடு வரும் விலை உயர்ந்த சாம்சுங் அல்ட்ராவை இதற்காக வாங்க வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் ரப்பர் முனைக் குச்சியே போதும். காய்த்த விரல் பிரச்சினையும் அதோடு தீரும்.

பேசி எழுதுவது எல்லாவற்றையும்விட வேகம். 2017இல் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்ததிலிருந்து, எழுதவே சோம்பல்படுகிறவர்கள்கூட நீளமாக எழுதுகிறார்கள். இடைஞ்சல்கள் உண்டு. நாம் வழக்கத்தில் கலக்கும் மலாய்ச் சொல்லைக் கேட்டதும் அது தனக்குத் தெரிந்த ஏதோ தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடும். தகரக் கூரையில் மழை விழும்போது அதனிடம் பேசுவது வீண். பெரும்பாலும் இணையம் வேண்டும், டவுனில் கவலையில்லை, தோட்டத்து உள்வரிசைகளில் அலைவரிசை எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் குரலை நம்பி வாங்குகிறவர்கள் திரையைவிட ஒலிவாங்கியையும் இணையச் சேவை எட்டும் தூரத்தையும் பார்க்க வேண்டும். ஊரில் எந்த நிறுவனத்தின் சேவை உங்கள் வீட்டு வாசலில் எடுக்கிறது என்று அடுத்த வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

பொத்தான் போன்? பேசுவதற்கு மட்டும் என்றால் சரி. தமிழில் எழுதத்தான் வேண்டும் என்றால் யோசியுங்கள். இங்கே விற்பவற்றில் பலவற்றில் தமிழ் இருப்பதில்லை, வந்த செய்தியும் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் இருந்தாலும் ஒரு பொத்தானில் பல எழுத்து. குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து வரை போகும், தமிழ் 70தான், அதிலும் ஒற்றும் கொம்பும் தனித்தனியே கணக்கில் சேரும். 2021 இறுதியோடு நாட்டில் 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டது. பழைய பெட்டியிலிருந்து தாத்தாவின் போனைத் தூசி தட்டி எடுப்பவர்கள் அது 4ஜியா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

என் தேர்வைக் கேட்டால், வீட்டுக்கு ஒரே போன் என்கிற குடும்பத்துக்கு அகலத் திரை ஆண்டிராய்டு. பிள்ளைகள் அஞ்சலிலும் அம்மா கையெழுத்திலும் அப்பா குரலிலும் எழுத அந்த ஒன்றே இடம் கொடுக்கும். கையில் ஏற்கனவே ஐபோன் வைத்திருக்கிற மகளுக்கு மாற்றச் சொல்லமாட்டேன்.

கடையில் சோதிக்கும்போது 'வணக்கம்' மட்டும் எழுதிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். "ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் திருவிழா, கொழுந்து வெற்றிலை வாங்கி வரவும்" என்று எழுதிப் பாருங்கள். ஸ்ரீ உடையாமல் வருகிறதா, ழ எங்கே ஒளிந்திருக்கிறது, கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். குரலைச் சோதிப்பதானால் கடைக்குள் வேண்டாம், லாரி போகிற வாசலில் நின்று பேசிப் பாருங்கள். வீட்டில் யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செல்லினமும் ஜிபோர்டும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம், வைஃபை கேட்டால் பெரும்பாலான கடைகளில் கொடுப்பார்கள்.