தேங்காய் மெழுகா, சோயாவா, பாரஃபினா? சேலத்திலும் ஏற்காட்டிலும் ஏற்றிப் பார்த்த கணக்கு

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டாதவர்கள் சேலத்தில் குறைவு. ஏற்காட்டில் அக்கா வீட்டில் அந்தப் பாட்டில் ஆண்டில் பாதி நாள் உறைந்தே நிற்கும். குளிக்கப் போகிறவர் முதலில் அதை வெந்நீர் அண்டாவின் மூடிமேல் வைத்துவிட்டுத்தான் துண்டைத் தேடுவார். தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், 'உயர்தரத் தேங்காய் மெழுகுக் கலவை' என்ற பெயரில் விற்கப்படும் சரக்கைப் பற்றிப் பாதி விஷயம் விளங்கிவிடும். எனக்கு அது இரண்டு கிலோ வாங்கிய பிறகுதான் விளங்கியது.

நான்கு ஆண்டுகளாக அஸ்தம்பட்டியில் எங்கள் மாடி அறையில் கண்ணாடிக் குவளைகளில் மெழுகுவத்தி வார்க்கிறேன். முதலில் பாரஃபின், பிறகு சோயா. கடந்த கார்த்திகையில் தேங்காய். மூன்றையும் ஒரே அளவுக் குவளையில் வார்த்து, ஒரு தொகுதியை மலைக்கு அனுப்பி, ஒரு தொகுதியை இங்கேயே வைத்து, டிசம்பரிலும் மே மாதத்திலும் எரித்துப் பார்த்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே மின்விசிறி சுழலும் மாலையில் மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். மெழுகைச் சோதிக்க இதைவிட வசதியான இரண்டு ஊர்கள் வேறு எங்கே அமையும்?

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். பாரஃபின், கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. செவ்வாய்ப்பேட்டையில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் வெள்ளைப் பாளமாகக் கிடைத்தது. கிலோ 160 ரூபாய், உருகுநிலை 58 முதல் 60 டிகிரி. சோயா மெழுகு, சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. 1990-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த, வயதில் இளைய மெழுகு. செதில் செதிலாக வந்தது. கிலோ 380 ரூபாய், 49 டிகிரி. தேங்காய்க் கலவை வெண்ணெய்க் கட்டியைப் போலப் பிளாஸ்டிக் வாளியில் வந்தது. கிலோ 780 ரூபாய். உருகுநிலை வாளியில் எங்குமே இல்லை. கேட்டு எழுதிய பிறகு விற்பவர் ஒரு தாள் அனுப்பினார்: 43 டிகிரி.

இங்கேதான் அந்த 24-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெயில் முழுமையாக ஹைட்ரஜன் ஏற்றினாலும் அது 35 டிகிரியை ஒட்டி உருகிவிடும். ஆக, 43 வரை தாங்குகிறது என்றால் அதற்குள் வேறு ஏதோ முட்டுக்கொடுத்து நிற்கிறது: சோயாவாக இருக்கலாம், தேன்மெழுகாக இருக்கலாம், பாரஃபினாகவும் இருக்கலாம். கலப்பது குற்றம் இல்லை, கலக்காமல் குவளை மெழுகு செய்யவே முடியாது. ஆனால் எதை எவ்வளவு கலந்தோம் என்று சொல்லாமல் வாளியின் மேல் தென்னை மரத்தை மட்டும் வரைந்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 'பாரஃபின் இல்லாதது' என்று எழுத்தில் கேட்டு வாங்கினால் தவிர, தேங்காய் என்ற சொல்லை நம்பி இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள்.

சோதனை முறையைச் சொல்லும்போது என் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள குவளை, 160 கிராம் மெழுகு, அதில் 8 சதவீதம், அதாவது 12.8 கிராம் மல்லிகை நறுமண எண்ணெய். நியாயமாக இருக்கட்டும் என்று மூன்றுக்கும் ஒரே பருமனில் பருத்தித் திரி போட்டேன். அதைவிட அநியாயம் வேறு இல்லை. பாரஃபினில் சுடர் நெடுநெடுவென்று எழும்பிக் குவளையின் வாயில் கரி பிடித்தது. சோயாவில் அதே திரி திணறி, ஓரத்து மெழுகைத் தொடாமல் நடுவில் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கியது. தேங்காயில் மட்டும் அழகாக எரிந்தது. இதை வைத்தே 'தேங்காய்தான் சிறந்தது' என்று தீர்ப்பு எழுதியிருப்பேன். பாரஃபின் என்றாலே புகை என்று பலர் சொல்வதற்கும் பாதிக் காரணம் இப்படிப்பட்ட பொருந்தாத திரிதான். திரி பெருத்தால் எந்த மெழுகும் கரி கக்கும். இரண்டாம் சுற்றில் பாரஃபினுக்கு ஓர் அளவு மெலிதாகவும் சோயாவுக்கு ஓர் அளவு தடிப்பாகவும் மாற்றினேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் சுற்று.

வார்ப்பதில் தேங்காய்க்கு நிகர் இல்லை, அதைத் தயங்காமல் சொல்வேன். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, சூடு இறங்கியதும் ஊற்றி, ஒரு இரவு விட்டேன். காலையில் மேற்பரப்பு ஆடை கட்டிய பாலைப் போல வழுவழுப்பாக இருந்தது. பாரஃபின் ஆறும்போது சுருங்கும். திரியைச் சுற்றிப் பள்ளம் விழும், அதில் இரண்டாவது முறை ஊற்றியே ஆக வேண்டும். சோயாவின் தொல்லை வேறு. இரண்டு மூன்று நாளில் அதன் மேல் வெள்ளையாகப் பூக்கும், பழைய சுவரில் உப்புப் பூப்பதைப் போல. எரிவதற்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பரிசாகக் கொடுக்கும்போது வாங்குகிறவர் 'பூஞ்சை பிடித்திருக்கிறதே' என்று முகம் சுளிப்பார், எனக்கு நடந்திருக்கிறது. சாயம் சேர்த்த சோயாவில் இந்தப் பூப்பு இன்னும் பளிச்சென்று தெரியும்.

பாத்திரம் கழுவுவதில்கூடத் தேங்காய் முந்துகிறது. வெந்நீரும் சோப்பும் போதும். எந்த மெழுகானாலும் முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்துவிட்டுக் கழுவுங்கள். சாக்கடைக் குழாயில் போய் உறைந்தால் குழாய்க்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு வாளி வாங்கலாம்.

மணத்துக்கு வருவோம், ஏனென்றால் விலையை நியாயப்படுத்த விற்பவர்கள் சொல்லும் காரணமே அதுதான். இதற்கு அக்கா வீட்டில் ஒரு தேர்வு வைத்தோம். குவளைகளின் அடியில் 1, 2, 3 என்று எழுதி, எது எது என்று நான் மட்டும் வைத்துக்கொண்டேன். மாமாவுக்கு முப்பது ஆண்டுகளாகக் காப்பித் தோட்டத்தில் வேலை. கோடை மழை ஒன்று விழுந்து பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகக் காப்பி பூத்து நிற்கும்போது வரும் மணம் கிட்டத்தட்ட மல்லிகைதான். அதனால் அவர் மூக்கை நான் நம்புகிறேன். ஒவ்வொரு குவளையையும் மூடிய அறையில் ஒரு மணி நேரம் எரித்துவிட்டு, வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை உள்ளே அழைத்தோம்.

வார்த்து நான்காம் நாள் வைத்த முதல் தேர்வில், "மூன்றில் பூ இருக்கிறது. ஒன்றும் மோசமில்லை. இரண்டில் பூ வைத்திருந்த தண்ணீர்தான் இருக்கிறது" என்றார். மூன்று தேங்காய், ஒன்று பாரஃபின், இரண்டு சோயா. சரியாக இரண்டு வாரம் கழித்து அதே குவளைகளை மறுபடி எரித்தபோது சோயா மேலேறி வந்திருந்தது. பாரஃபினுக்கும் அதற்கும் அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஊறுகாயைப் போலச் சோயாவில் மணம் ஊறுவதற்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. தேங்காய் இரண்டு தேர்விலும் முதலிடம். அதில் எண்ணெயை 10 சதவீதமாக உயர்த்தியும் பார்த்தேன், கசியாமல் தாங்கியது. ஆனால் பூட்டிய அறையில் அந்த மணம் தலைவலியைக் கொண்டுவந்ததால் 8-க்கே திரும்பிவிட்டேன். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், மூன்றையும் முகர்ந்துவிட்டு ஊதுவத்திதான் மேல் என்று எழுந்து போய்விட்டார். அவர் வாக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டிசம்பர் ஏற்காட்டில் குளிர் தன் வேலையைக் காட்டியது. இரவில் 13, 14 டிகிரிக்கு இறங்கும் அறையில் சோயா கண்ணாடியை விட்டுப் பிரிந்து, ஈரத்திட்டைப் போல ஆங்காங்கே தெரிந்தது. அங்கேயே வார்த்த ஒரு சோயாக் குவளையில் மேல்பரப்பு வெடித்தும் போனது. குவளையை முன்பே வெந்நீரில் சூடேற்றித் துடைத்துவிட்டு ஊற்றியிருந்தால் தப்பியிருக்கலாம். எரிக்கும்போதும் சிக்கல்தான். முதல் முறை ஏற்றும்போது உருகிய மெழுகு குவளையின் ஓரம் வரை பரவ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே எரிந்து இறங்கும். குளிரில் சோயாவுக்கு இது மூன்றரை மணி நேரம் பிடித்தது. தேங்காய் இரண்டேகால் மணி நேரத்தில் ஓரத்தைத் தொட்டுவிட்டது. மலையில் மாலை ஏழு மணிக்கு ஏற்றி ஒன்பதரைக்குப் படுக்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அங்கே தேங்காய்தான் என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

அந்த உற்சாகத்தில் செய்த காரியம்தான் மே மாதத்தில் பல்லிளித்தது. கத்திரி வெயில். மாடி அறையில் மத்தியானம் தெர்மாமீட்டர் 39 காட்டியது. தேங்காய்க் குவளைகளின் மேல் முத்து முத்தாக எண்ணெய் வியர்த்திருந்தது. ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன். மெழுகும் சாய்ந்தது, திரி பாட்டுக்குத் தலை தொங்கியது. 43 டிகிரி என்பது முழுதாக உருகும் நிலை, குழையத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. ஈரோட்டில் ஒரு திருமணத்துக்காக ஆறு குவளைகளைப் பஸ் பார்சலில் அனுப்பியிருந்தேன். பெட்டியைத் திறந்தவர்கள் அனுப்பிய படத்தில் அட்டையெல்லாம் எண்ணெய். குவளைகளில் முக்கால்தான் மிச்சம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பஸ்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, மதிய நேர வண்டியில் ஏற்றியது நான்தான்.

அதே அறையில் சோயாவும் வியர்த்தது, ஆனால் வடிவம் குலையவில்லை. பாரஃபின் வெயிலைக் கண்டுகொள்ளவே இல்லை. கோடை மழையோடு மின்சாரம் போன இரவுகளில் எங்கள் வீட்டில் எரிந்ததும் அதுதான். வெளிச்சத்துக்காக ஏற்றும் மெழுகுவத்தியில் 780 ரூபாய்ச் சரக்கைப் போடுவது, பட்டுப் புடவையில் கரித்துணி தைப்பதைப் போன்றது.

வாளியில் மிச்சமிருந்த தேங்காயைக் காப்பாற்ற ஒரு வழி தேடினேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அக்கா வீட்டுக்குத் தேன் கொண்டுவரும் ஒருவரிடம் பிழிந்த அடை வாங்கி, வெந்நீரில் உருக்கி, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். 85 பங்கு தேங்காய்க் கலவைக்கு 15 பங்கு தேன்மெழுகு. நிறம் இளமஞ்சளாக மாறியது. மாடி அறையில் 39 டிகிரியிலும் திரி நிமிர்ந்து நின்றது, சாய்த்தால் அசையவில்லை. இதற்கு விலையாகக் கொடுத்தது மணத்தை. தேன்மெழுகுக்கென்று ஒரு வாசம் இருக்கிறது, அது மல்லிகையை அமுக்கிவிட்டது. காப்பி, கிராம்பு போன்ற கனத்த மணங்களோடு அது நன்றாகவே சேர்கிறது. திரியையும் ஓர் அளவு தடிப்பாக்க வேண்டியிருந்தது. 20 பங்கு வரை ஏற்றிப் பார்த்தேன், கெட்டிதான், ஆனால் வழுவழுப்பு போய்விட்டது.

எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைக் கண்டுபிடிக்க முழுக் குவளையையும் எரிக்க வேண்டியதில்லை. ஏற்றுமுன் நிறுத்து, மூன்று மணி நேரம் கழித்து அணைத்து மறுபடி நிறுத்தால் போதும். தேங்காய் 13 கிராம், சோயா 13, பாரஃபின் 16 கிராம் குறைந்தன. அதாவது தேங்காயும் சோயாவும் குவளைக்கு 36 மணி நேரத்தை ஒட்டி, பாரஃபின் 30-ஐ ஒட்டி. 'இரட்டிப்பு நேரம் எரியும்' என்று தேங்காய் மெழுகைப் பற்றிச் சொல்லப்படுவது என் தராசில் நிற்கவில்லை.

காசுக் கணக்கு இப்படி. 160 கிராமுக்கு மெழுகுச் செலவு தேங்காயில் 125 ரூபாய், சோயாவில் 61, பாரஃபினில் 26. நறுமண எண்ணெய் 31, குவளை 55, திரியும் ஒட்டுத்தாளும் 8. இவை மூன்றுக்கும் பொது. தேங்காய்க் குவளை 219 ரூபாயில் அடங்குகிறது, சோயா 155, பாரஃபின் 120. சோயாவுக்கு மேல் கொடுக்கும் 64 ரூபாய், வழுவழுப்பான மேற்பரப்புக்கும் இரண்டு வாரம் காத்திருக்காமல் கிடைக்கும் மணத்துக்கும்தான். ஐப்பசி முதல் மாசி வரை அந்தப் பணத்தைக் கொடுப்பேன், மலைக்குப் போகிற குவளைகளுக்கு எப்போதும் கொடுப்பேன். சேலத்துக் கோடையில் விற்பனைக்கு என்றால் சோயா, அதுவும் இரவு வண்டியில்.

அக்கா போன வாரம் தொலைபேசியில் இன்னும் எட்டுக் குவளை கேட்டாள். ஏற்காட்டிலும் இந்த மே மாதம் வெயில் கடுமை என்றாலும் அவள் வீட்டு அறை 29 டிகிரியைத் தாண்டவில்லையாம். "தேன்மெழுகு கலக்காதே, மாமாவுக்கு அந்தப் பூ வாசம்தான் வேண்டுமாம்" என்றாள். வாளியில் 700 கிராம்தான் இருக்கிறது. நான்கு குவளைக்குத்தான் வரும்.